திருக்கடையூருக்கு நாள் குறித்த பின்

மாசியில் அமிர்தகடேசுவரர் சந்நிதியில் பீமரத சாந்தி செய்துகொள்வதென நாள் குறித்து, சாஸ்திரிகளுக்கு முன்பணமும் அனுப்பியாயிற்று. அதற்கு முந்தைய ஐப்பசியில் ஒரு விடியற்காலை, அம்மிக்கல்லை ஏற்றிவைத்தாற்போல் நெஞ்சின் நடுவே பாரம் அமர்ந்தது. வலி இடத்தாடை வரை பரவியது. வேட்டி வியர்வையில் நனைந்தது. வாயு என்றெண்ணி இஞ்சிக் கஷாயம் அருந்திப் படுத்திருந்தேன். அவ்வாறு கழிந்த இரண்டு மணி நேரம், இதயத் தசைக்கு நேர்ந்த பெரும் நஷ்டம் என்று மருத்துவர் பின்னர் கூறினார். என் வயதினர் எவரும் இந்தப் பிழையைச் செய்யாதிருக்க வேண்டும்.

மணிக்கட்டின் இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்தி, அடைப்பைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் பொருத்தினார்கள். ஐந்தாம் நாள் இல்லம் திரும்பினேன்.

அன்று முதல் வீட்டில் ஒரு மௌனம். திருக்கடையூர் என்றாலே மகன் பேச்சை மாற்றினான். மாத்திரைப் பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்த தாள் ஒன்றைக் கண்டபோது காரணம் விளங்கிற்று. மாரடைப்புக்கு இவ்வாறு சிகிச்சை பெற்றவர் பிழைத்திருப்பாரா என்பதை முன்கூட்டிக் கணிக்க, மருத்துவர்கள் 'கேடிலாக்' என்றொரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார்கள். அதில் ஏழு கேள்விகள். வயது 65ஐக் கடந்ததற்கு 2. இதயத்தின் இடது அறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிலுள்ள இரத்தத்தில் 40 விழுக்காடாவது வெளியேற்ற வேண்டும், எனக்கு 38. அதற்கு 4. சிறுநீரகம், இரத்தசோகை, நுரையீரலில் நீர்க்கோப்பு, மற்ற இரத்தக்குழாய்களின் அடைப்பு, திறந்தபின் இரத்த ஓட்டம் ஆகியவற்றுக்கு நல்லவேளையாகச் சுழியம். கூட்டினால் 6. ஆறும் அதற்கு மேலும் அபாயம் மிகுந்த வரிசை என்று மகன் கோடிட்டிருந்தான்.

எமனைக் காலால் உதைத்த பெருமானின் தலத்துக்கு நாள் குறித்தவன், ஓர் எண்ணைக் கண்டு அன்றிரவு உறங்கவில்லை. ஒளிப்பானேன்?

அடுத்த முறை சென்றபோது மருத்துவரிடம் தாளை நீட்டினேன். "ஐயா, இது உங்களைப் போன்ற பலரைப் பற்றிய கணக்கு, உங்களைப் பற்றியதன்று. அதுவும் ஓராண்டுக்குத்தான். தம்பி இதை ஆயுள் கணக்காக வாசித்துவிட்டார். அந்த 38 மாரடைப்புக்கு மறுநாள் எடுத்தது. அதிர்ச்சியில் சோர்ந்த தசை சில வாரங்களில் தேறுவதுண்டு" என்றார். பிறகு ஒரு வரலாறு சொன்னார். 1977 செப்டம்பர் 16 அன்று ஜூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் என்ற மருத்துவர், 38 வயதான ஒருவரின் இதயக் குழாயை உலகிலேயே முதன்முறையாகப் பலூனால் திறந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலான பின்பும் அக்குழாய் திறந்தே இருந்தது. திறந்த மருத்துவரோ 1985இல், தமது 46ஆம் வயதில், விமான விபத்தில் மறைந்துவிட்டார்.

நான் பேச்சற்று அமர்ந்திருந்தேன்.

"மாத்திரைகளை ஒருவேளையும் தவறாமல் உட்கொள்கிறீர்களா?" என்று கேட்டார். தலை குனிந்தேன். இரண்டு ஏகாதசிகளில் நிர்ஜல உபவாசம் என்று மாத்திரையையும் விட்டிருந்தேன். அவர் முகம் மாறியது. புதிய ஸ்டென்டில் இரத்தம் உறைந்தால் குழாய் திடீரென முழுவதும் அடைபடும். அதைத் தடுக்கவே அந்த இரு மாத்திரைகள். "இந்தத் தாளில் இதற்குக் கட்டமில்லை ஐயா. ஆனால் எனக்கு அச்சம் தருவது இதுதான். இவ்வாண்டு நிர்ஜலம் வேண்டாம்" என்றார். என் இல்லாள் அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

தையில் எடுத்த பரிசோதனையில் 38 என்பது 47 ஆகியிருந்தது. மகனே வண்டிக்கு ஏற்பாடு செய்தான்.

திருக்கடையூரில் கலசங்களின் முன் அமர்ந்து, சாஸ்திரிகள் சங்கல்பத்தைத் தொடங்கும் வேளை. இல்லாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இரண்டு மாத்திரைகள். "மணி எட்டு ஆகிவிட்டது" என்றாள். சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்தினார். "முதலில் அதை உட்கொள்ளுங்கள், மாமா" என்று செம்பிலிருந்த தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.