வாளிக்குள் ஒரு பார்

எங்கட கடல் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 57 லீற்றர். மூன்று பேர் காசு போட்டு வாங்கின கண்ணாடித்தொட்டி. உள்ளே வைக்கக் கல் வேணும். கடையில் விலை கேட்டுவிட்டு, கச்சான் காற்று அடங்கின கையோட வங்காலைக் கரைக்குப் போனோம். அலை ஒதுக்கின முருகைக்கல் கரை முழுக்கக் கிடந்தது. படங்களில் பார்த்த மாதிரியே ஓட்டை ஓட்டையாய். பை நிறையப் பொறுக்கினோம்.

வலை பிரிச்சுக்கொண்டிருந்த ஒரு ஐயா கேட்டார்: "தம்பியவை, உதை என்ன செய்யப்போறியள்?"

சொன்னோம். சிரிச்சார். "வீட்டில கடல் வைக்க எங்கட கடலைக் கொண்டுபோறியளோ?"

"செத்த கல்லுத்தானே ஐயா?"

"செத்த கல்லுக்கு மேலதான் அடுத்தது வரும்."

அவர் சொன்னது சரி. மன்னார்க் கடலோடிகள் கடலடிப் பாறைத்திடலைப் 'பார்' என்பார்கள். முத்துச்சிப்பி ஒட்டி வளர்ந்தது அதில்தான். மீன் பொரிச்சு ஒளிச்சு வளர்வதும் அதில்தான். பவளக் குஞ்சு மிதந்து வந்து இருக்க மணல் போதாது, உறுதியான கல் வேணும். சட்டமும் அதைத்தான் சொல்லுது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம், கரையோர வலயத்தில் முருகைக்கல்லை அகழ்வதை மட்டுமில்லை, சேகரிப்பதையும் வைத்திருப்பதையும் கொண்டுபோவதையும் தடை செய்யுது. எங்களுக்கு அது தெரியாது. பையைக் கொட்டிவிட்டு வந்தோம்.

பிறகு எந்தக் கல்? யாழ்ப்பாணத்தில் நண்பர் ஒருவரின் வீட்டு வளவில், கிணறு வெட்டேக்க வந்த சுண்ணாம்புக்கல் குவிஞ்சு கிடந்தது. அதுவும் ஒரு காலத்துக் கடலடிதான். தோட்டக் கிணற்றுக் கல்லை விட்டுவிட்டோம்; உரத்தின் நைத்திரேற்று ஓட்டைகளுக்குள் ஊறியிருந்தால் தொட்டியில் பாசிக்குத்தான் கொண்டாட்டம். இடிஞ்ச வீட்டுக் கல்லும் வேண்டாம், பெயின்ற், சீமெந்து ஒட்டியிருக்கும். துருக்கறை, பச்சைக்கறை, உலோக மினுக்கம் உள்ளதையும் கழிச்சோம். செம்பு கொஞ்சம் கரைஞ்சாலே இறாலும் நத்தையும் செத்துப்போகும்.

வினாகிரி ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். நுரைச்சால் சுண்ணாம்புக்கல். ஆனால் அது கல்லின் இனத்தைத்தான் சொல்லும், நஞ்சில்லை என்று சொல்லாது. கருங்கல் நுரைக்காது, அதுக்காகக் கெட்ட கல்லும் இல்லை.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: கடலுயிர் ஒட்டின கல்லை ஒருநாளும் அவிக்காதீங்கோ. சில சொவாந்திட் பவள இனங்களில் பாலிரொக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கு. அவிச்சால் ஆவியோட வீட்டில் உள்ள எல்லாற்ற மூச்சுக்குள்ளயும் போகும். வெளிநாடுகளில் குடும்பமாய் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கினம். வெறும் கல்லைக்கூட அடுப்பில் வைக்கவேண்டாம். உள்ளே அடைபட்ட ஈரம் சூடேறினால் வெடிக்கலாம்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். தூரிகையால் உரஞ்சிக் கழுவி, நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைச்சோம். பிறகு உப்புத்தண்ணீர் வாளியில், காற்றுப் பம்ப் போட்டு, இருட்டில் வைச்சோம். அமோனியா ஏறி இறங்கியது. பிறகு நைத்திரைற்று ஏறி இறங்கியது. இரண்டும் பூச்சியமாய் நிற்க ஏழு கிழமை எடுத்தது. கல்லுக்குள் பக்ரீரியா குடியேறிவிட்டது என்று அர்த்தம். இதில் அவசரப்பட்டால் விலை கொடுப்பது மீன்தான்.

இப்போது கல் தொட்டிக்குள் இருக்கு. பழுப்புப் பாசி படர்ந்து, இரண்டு நத்தை ஊருது. பவளம் இன்னும் இல்லை. யாராவது தொட்டியில் வளர்த்துத் துண்டு தந்தால்தான் வைப்போம். வாறவை எல்லாம் "என்ன, வெறும் கல்லோ?" என்று கேட்கினம்.

ஓம், வெறும் கல்தான். வங்காலைப் பாரில் இருந்து எடுக்காத கல்.