தாத்தா எந்த ஊர்?

வெளிநாட்டிலிருந்து வாழவந்த பெண்ணுக்கு நம் சட்டத்தில் 'நிரந்தர வசிப்புரிமை' என்று தனியாக ஒரு காகிதம் கிடையாது. அந்தப் பெயரில் 2016-இல் வந்த திட்டம் குறைந்தது பத்துக் கோடி ரூபாய் முதலீடு போடுகிற வெளிநாட்டவருக்கானது. தூத்துக்குடியில் என் மேசைக்கு முன்னால் வந்து உட்காரும் குடும்பங்களுக்கு அது ஆகாது. பையன் கப்பலில் வேலை பார்ப்பான். கொழும்பிலோ நீர்கொழும்பிலோ பெண் எடுத்திருப்பான். முத்துக்குளித்துறை ஊர்களுக்கும் அந்தக் கரைக்கும் கொள்வினை கொடுப்பினை புதிதல்ல. இவர்களுக்கு முன்னால் இருப்பவை இந்தியரின் துணைக்கான எக்ஸ்-2 விசா, ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள்) அட்டை, இந்தியக் குடியுரிமை ஆகிய மூன்றுதான்.

"இதுல எது சீக்கிரம் கிடைக்கும், அண்ணாச்சி?" என்பார்கள். நான் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "உங்க தாத்தா எந்த ஊரும்மா?" என்று கேட்பேன். மாமியார் முகம் சுளித்தாலும் கேட்பேன். முழு வழக்கும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு ஓ.சி.ஐ. அட்டைக்கு இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, இந்தியரின் மனைவி அல்லது கணவன் என்ற வழி. திருமணம் பதிவாகி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நீடித்திருக்க வேண்டும். பாதுகாப்பு விசாரணையும் உண்டு. மற்றொன்று பூர்வீக வழி. தாய் தந்தையோ, பாட்டன் பாட்டியோ, அவர்களைப் பெற்றவர்களோ இந்தியக் குடிமக்களாக இருந்திருந்தால், அல்லது 26.1.1950 அன்று அதற்குத் தகுதி பெற்றிருந்தால் போதும். (முன்னோரோ தாமோ பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களாக இருந்தவர்களுக்கு இரண்டு வழியும் அடைப்பு.)

கையில் வரும் அட்டை ஒன்றுதான். ஆனால் மனைவி என்ற முறையில் பெற்ற அட்டையை, திருமணம் முறிந்தால் 7டி பிரிவின்கீழ் அரசு ரத்து செய்யலாம். பூர்வீகத்தில் பெற்ற அட்டைக்கு அந்த ஆபத்து இல்லை. புதுமணத் தம்பதியிடம் இதைப் பேசுவது அபசகுனம்போல் தோன்றலாம். நான் பேசிவிடுகிறேன். பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்க, விவாகரத்துத் தீர்ப்போடு தாய் இந்த நாட்டைவிட்டுப் போக வேண்டிய நிலை எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது. அவளுடைய இருப்பு இன்னொருவர் மனத்தைச் சார்ந்து இருக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பூர்வீக வழியில் உழைப்பு அதிகம். கொள்ளுத்தாத்தாவிலிருந்து பெண்வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் சங்கிலி அறுபடாமல் சான்று வேண்டும். வேம்பார், வைப்பார், புன்னைக்காயல், மணப்பாடு என்று பங்குக் கோயில்களில் இருக்கும் ஞானஸ்நான ஏடுகள் இங்கேதான் கைகொடுக்கின்றன. ஏட்டில் லத்தீனில் 'பேத்ருஸ்' என்றிருக்கும். இலங்கைப் பிறப்புச் சான்றில் அதே மனிதர் 'ராயப்பு'. பேத்தியின் பாஸ்போர்ட்டில் 'பீட்டர்'. பர்னாந்து என்ற குடும்பப் பெயரோ ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில். அலுவலகக் கண்ணுக்கு இவர்கள் மூன்று ஆட்கள். பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், தேதி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவர் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் எழுத வேண்டும். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதி இது. மங்கிய மையில் ஒரு பெயரைக் கண்டுபிடிக்கும்போது அந்தப் பெண்ணின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். அதுவரை வந்தவளாக இருந்தவள், அந்த நிமிடத்தில் திரும்பியவள் ஆகிவிடுகிறாள்.

ஏடு கிடைக்காதவர்களுக்குத் திருமண வழிதான். மூன்று ஓலையும் வாசித்து பனிமய மாதா கோயிலில் கல்யாணம் முடிந்தாலும், தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படியும் உடனே பதிந்துவிடுங்கள் என்பேன். இரண்டு ஆண்டு எந்தத் தேதியிலிருந்து என்ற வாதமே எழக்கூடாது. சுற்றுலா விசாவில் வந்த பெண் அதை எக்ஸ்-2 விசாவாக மாற்றிக்கொண்ட பிறகுதான் இங்கிருந்து ஓ.சி.ஐ. விண்ணப்பம் போட முடியும்.

விசா ஒரு நாள்கூடக் காலாவதியாகக் கூடாது. 3.12.2004 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியாவில் பிறந்த குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை வேண்டுமென்றால், தாய் தந்தையரில் ஒருவர் இந்தியராகவும், மற்றவர் பிரசவ நாளில் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். வயிற்றுப்பிள்ளைக்காரியின் விசாவைப் புதுப்பிப்பதுதான் என் மேசையில் எப்போதும் முதல் வேலை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்களுக்கும் ஒரு சொல்: கொழும்பில் பிறக்கும் பிள்ளையை ஓராண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும்.

அந்தப் பயணம் குடியுரிமைக் கணக்கையும் தொடும். 5(1)(சி) பிரிவு ஏழாண்டு வசிப்பைக் கேட்கிறது: விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் முழுதும் இங்கே, அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் ஆறு ஆண்டு இங்கே. கணவன் கடலில் கழித்த மாதங்களுக்கு இதில் இடமில்லை. எண்ணப்படுவது மனைவியின் நாட்கள். குடியுரிமை வந்தால் வாக்குண்டு, விவசாய நிலம் வாங்கலாம், ஓ.சி.ஐ.க்கு இரண்டும் இல்லை. ஆனால் இலங்கைப் பாஸ்போர்ட்டை விட வேண்டும். அம்மா அங்கே தனியாக இருக்கும் பெண்ணிடம் அவசரப்படாதே என்றே சொல்வேன்.

என்னை அதிகம் வருத்துகிறவர்கள் தாப்பாத்தி போன்ற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து உள்ளூர்ப் பையன்களைக் கட்டியவர்கள். படகில் பாஸ்போர்ட் இல்லாமல் வந்ததால் சட்டவிரோதக் குடியேறி என்று எழுதப்பட்டு, பதிவு வழிக் குடியுரிமை அவர்களுக்கு மூடிக் கிடக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த ஆணை, 9.1.2015 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைத் தண்டனையிலிருந்து காத்தது, குடியுரிமை தரவில்லை. முகாம்வாசிகளில் 1.7.1987-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் மட்டும் பிறப்பாலேயே இந்தியர்கள். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது; 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். ஆகவே முகாம் பெண் வந்தால் பிறந்த தேதியையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும்தான் முதலில் கேட்கிறேன். சீட்டு இல்லையென்றால் அந்த ஊர்ப் பிறப்புப் பதிவேட்டுக்கு மனுப் போடுகிறேன்.