படிக்க என்ன தாயி இருக்கு?

சூலக்கரை இட்லிக்கடை அம்மாவுக்கு விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது. கண்ணாடி போட்டும் நல்ல கண்ணில் 6/60தான். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் குறைபார்வை என்று வகுத்த 6/18 முதல் 3/60 வரையான எல்லைக்குள் அடக்கம். உருப்பெருக்கி லென்ஸ் கொடுத்தேன். செய்தித்தாள் தலைப்பைப் படித்துக் காட்டினார், எனக்குப் பெருமை. மறுமாதம் போனால் லென்ஸ் உறை பிரிக்காமல் கிடக்கிறது.

“எனக்குப் படிக்க என்ன தாயி இருக்கு?”

ஆக்குபேஷனல் தெரபி படிப்பில் கோட்பாட்டுத் தாளில் பாஸாவதற்காக ஒரு மாதிரியை உருப்போட்டவள் நான். ஆள், சூழல், வேலை என்று மூன்று வட்டம் போட்டு, மேரி லாவும் உடனிருந்தவர்களும் கனடாவில் 1996இல் எழுதியது. வட்டங்கள் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவோ அவ்வளவுக்கு வேலை ஓடும். அம்மாவின் திண்ணையில்தான் அது உறைத்தது. ஆளில்கூட கண்ணை மட்டும் பார்த்திருந்தேன்; மற்ற இரண்டு வட்டத்தையும் எட்டிப் பார்க்கவே இல்லை.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கே போய் உட்கார்ந்தேன். பட்டாசு ஆபீஸ் வேன் வருவதற்குள் வியாபாரம் முடிய வேண்டும். இட்லி எடுப்பதில், சட்னி ஊற்றுவதில் தடுமாற்றமே கிடையாது. கை பழகிய வேலை. டியூப்லைட் முதுகுக்குப் பின்னால் எரிய, அவர் நிழலே கல்லாவில் விழுந்தது. புது இருபது ரூபாய் நோட்டும் இருநூறும் இரண்டுமே மஞ்சள் சாயல். ஒருநாள் மாற்றிக் கொடுத்துவிட, கல்லா மகன் கைக்குப் போயிருக்கிறது.

விளக்கை முன்னால், பக்கவாட்டில் தாழ்த்தி மாட்டினோம். புது இருபது 129 மில்லிமீட்டர் நீளம், இருநூறு 146. இருபதின் நீளத்துக்கு ஒரு கறுப்பு அட்டை வெட்டிக் கல்லாவில் போட்டேன். நோட்டு மஞ்சளாகத் தெரிந்தால் அட்டைமேல் வைத்து விளிம்பைத் தடவ வேண்டும். இருநூறு என்றால் கட்டைவிரல் அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். நான்கு நாளில் பழகிவிட்டார். கல்லாவை அம்மாவிடம் விட மகன் பழகத்தான் இரண்டு வாரம் ஆனது. சூழல் என்ற வட்டத்துக்குள் மகனும் உண்டு என்று வகுப்பில் யாரும் அழுத்திச் சொன்னதாக நினைவில்லை.

மதுரையில் 1976இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியின் விரல்கள் முடக்குவாதத்தில் கோணியவை. அந்த விரலுக்குத் தோதாகக் கருவிகளை அமைத்துக்கொண்டுதான் கண்புரை அறுவை செய்தார். அந்த மூன்று வட்டம் 1996இல் எழுதப்படுவதற்கு வெகுகாலம் முந்திய சங்கதி அது.

லென்ஸை வெயிலில் பிடித்துக் காகிதம் கொளுத்தப் பேரன் எடுத்துப்போனானாம். பட்டாசு ஊரில் இது வேறயா என்று அம்மா பிடுங்கி, அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்.