பேய்ப் படமும் மெய்ப் படமும்

ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசி நமக்குத் தீபாவளி. வைகறையில் எண்ணெய் தேய்த்து நீராடி, புத்தாடை உடுத்தி, 'கங்கா ஸ்நானம் ஆயிற்றா?' என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்கிறோம். (கங்கையே ஹூக்ளி என்னும் பெயரோடு சற்றுத் தொலைவில் ஓடிக்கொண்டிருக்க, குளியலறைக் குழாய் நீரைக் கங்கையாகப் பாவிக்கும் விநோதம் கொல்கத்தாத் தமிழர்களுக்கு வாய்த்தது.) அதே சதுர்த்தசியை வங்காளியர் பூத சதுர்த்தசி என்கின்றனர். அன்று பதினான்கு வகைக் கீரைகளைக் கலந்து சமைத்து உண்பார்கள். மாலையில் வீட்டின் இருண்ட மூலைகளில் பதினான்கு அகல்களை ஏற்றி வைப்பார்கள். பதினான்கு தலைமுறை முன்னோர் அன்றிரவு தத்தம் வீடு தேடி வருவர் என்பதும், வேண்டாத ஆவிகள் விளக்கொளிக்கு அஞ்சி விலகும் என்பதும் அவர்கள் நம்பிக்கை. நாம் நரகாசுரனைக் காலையில் அனுப்பிவைக்கிறோம். அவர்கள் பாட்டன் பூட்டன்மாரை மாலையில் வரவேற்கிறார்கள்.

லேக் மார்க்கெட் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்கென நாங்கள் நடத்திவரும் குளிர்காலத் திரையிடல் இந்தப் பூத சதுர்த்தசியை ஒட்டித் தொடங்கிப் பொங்கலோடு முடிவது. ஞாயிறு விட்டு ஞாயிறு, மாலை ஐந்து மணிக்கு, முதலில் ஓர் ஆவணப்படம், பிறகு தேநீரும் சுண்டலும், பிறகு ஒரு பழைய பேய்ப் படம். 2014-இல் தொடங்கினோம். 2020, 2021 ஆகிய இரண்டாண்டுகள் தொற்றுக் காலத்தில் நின்றிருந்தது. நடத்தும் நாங்கள் யாரும் திரைத்துறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். மத்திய அரசு அலுவலகங்களில் கோப்புகளோடு வாழும் எழுத்தர் மூவர், வங்கி ஊழியர் ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், கல்லூரி மாணவி ஒருத்தி. திரையிட அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுவதும், பதில் வராவிட்டால் நினைவூட்டுக் கடிதம் எழுதுவதும், அதற்கும் பதில் வராவிட்டால் மற்றுமொரு நினைவூட்டு எழுதுவதும் எங்களுக்குக் கைவந்த கலை. பிற வேலைகளையெல்லாம் போகப் போகக் கற்றுக்கொண்டோம்.

'தமிழ் வளர்க்க வேண்டிய இடத்தில் பேய் வளர்ப்பதா?' என்று தொடக்கத்தில் ஒரு பெரியவர் கேட்டார். அவருக்கு நாங்கள் அன்று தக்க விடை சொல்லவில்லை. ஆனால் இந்த நகரத்தில் வாழ்ந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்பது கடினம். சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் 1947-இல் கல்கத்தா பிலிம் சொசைட்டியைத் தொடங்கிய நகரம் இது. படத்தைப் பார்ப்பதோடு அமையாது, பார்த்தபின் பேச வேண்டும் என்ற பழக்கத்தை ஊட்டிய நகரம். பேய்க் கதைக்கு இங்கே இலக்கிய அந்தஸ்து உண்டு. தாகூரே எழுதியிருக்கிறார். அவருடைய 'க்ஷுதித பாஷாண்' கதையைத் தபன் சின்ஹா 1960-இல் படமாக்கினார். 'மணிஹாரா'வை ராய் தம் 'தீன் கன்யா'வின் (1961) மூன்று கதைகளுள் ஒன்றாக அமைத்தார்.

அந்த 'மணிஹாரா'வைத் திரையிட்ட மாலையில்தான் நாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது எங்களுக்கே ஒருவாறு விளங்கிற்று. நகைமேல் தீராத ஆசை கொண்ட மனைவி. அவளை இழந்தபின் அவள் வருகைக்காகக் காத்திருக்கும் கணவன். ஆற்றங்கரையில் ஒரு பள்ளி ஆசிரியர் போர்வை போர்த்திய ஒருவரிடம் கதையைச் சொல்லிச் செல்கிறார். வளையணிந்த எலும்புக் கை நகைப்பெட்டியைப் பற்றும் காட்சியில் அரங்கமே அலறியது. ஆயினும் நாங்கள் கவனித்தது வேறொன்று. வேலை மாற்றத்தில் வந்த பெற்றோருக்கும், மகனோடு வந்து தங்கிய பாட்டிமார்க்கும் அந்த வங்காளி வசனம் முழுதும் எட்டவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எட்டியது. எட்டு வயதுப் பேத்தி பாட்டியின் காதில் வரிக்கு வரி தமிழாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் 'தமிழில் பேசடி' என்று தினமும் அதட்டு வாங்கும் குழந்தை அவள். அன்று அவள் தமிழ் பேசியது பாட்டிக்கு அது தேவைப்பட்டதால்.

அடுத்த திரையிடலில் நிலைமை தலைகீழாயிற்று. ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) என்ற மறுபிறவிக் கதை. நூறு வயதைத் தாண்டிய ஜமீன்தாராக நம்பியார் தோன்றும்போது, மாயாஜாலப் படங்களில் ஊறிய பிள்ளைகளும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டனர். ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். இருளை அவர் எப்படிக் கையாண்டார் என்பதற்கு இப்படமே சான்று. மறு ஆண்டே அவர் மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' என்ற பேய்ப் படத்தை இயக்கினார் என்பதும் தற்செயலன்று என்றே கருதுகிறோம். அன்று ஜமீன் என்றால் என்ன, மாளிகை ஏன் பாழடைந்தது என்றெல்லாம் பாட்டிமார்தாம் பேரப்பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருந்தது. ஒரு படத்தில் பேத்தி ஆசிரியை. மறு படத்தில் பாட்டி ஆசிரியை. பட்டியல் தயாரிக்கும்போது வங்காளி, தமிழ் என்று மாற்றி மாற்றி வைப்பதை அன்றிலிருந்து விதியாக்கிக்கொண்டோம்.

சிறு பிள்ளைகளுக்கென ராயின் 'கூபி காயின் பாகா பாயின்' (1969) பட்டியலில் நிலையான இடம் பெற்றுவிட்டது. அதன் பேய்க் கூத்து ஆறு நிமிடத்துக்கு மேல் நீள்வது. பேய்களில் நான்கு சாதி: மன்னர், உழவர், வெள்ளைக்காரர், தொந்தி பருத்தவர். நம்மவர் நிமிர்ந்து உட்காரும் இடம் இதன் இசை. தென்னாட்டுத் தாளவாத்தியக் கச்சேரியை அப்படியே எடுத்துப் பேய்களுக்கு ஆளுக்கொரு வாத்தியமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார் ராய்! மன்னருக்கு மிருதங்கம், உழவருக்குக் கஞ்சிரா, வெள்ளைக்காரருக்குக் கடம், பருத்தவருக்கு மோர்சிங். இதை முதன்முறை சொன்னபோது, சபாக்களிலேயே காலம் கழித்த ஒரு மாமா, 'அப்படியானால் கல்கத்தாப் பேய்க்கெல்லாம் நம் தனியாவர்த்தனம் அத்துப்படி என்று சொல்லுங்கள்' என்றார். அவர் அடுத்த முறை தம் மாணாக்கர் மூவரையும் அழைத்து வந்தார்.

பேய்ப் படத்துக்கு எதிர்ப்பு அத்துடன் அடங்கியது. ஆவணப்படத்துக்குத்தான் அடங்கவில்லை. அதற்கும் காரணம் உண்டு. 1948-இல் பிலிம்ஸ் டிவிஷன் தொடங்கியபின் பல்லாண்டுக் காலம் ஒவ்வொரு திரையரங்கிலும் மூலப்படத்துக்கு முன் அரசின் செய்திச் சுருளோ குறும்படமோ கட்டாயமாக ஓடியது. அணைக்கட்டு, அம்மை ஒழிப்பு, வெள்ள நிவாரணம். பெரியவர்கள் அந்த நேரத்தை முறுக்கு வாங்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். 'ஆவணப்படம்' என்றதும் கால்கள் தாமாகவே வெளியே நடக்கும் தலைமுறை அது. காந்தியடிகளைப் பற்றி ஊர் ஊராக, நாடு நாடாக அலைந்து படச்சுருள் சேர்த்து 1940-இல் முழு நீள ஆவணப்படம் வெளியிட்டவர் ஏ. கே. செட்டியார் என்னும் தமிழர் என்று நாங்கள் எத்தனை முறை நினைவூட்டியும் பயனில்லை. 'ஆறரைக்கு வந்தால் போதுமே, பேய் அப்போதுதானே வரும்' என்பார்கள். சிலர் செயற்குழுவிடமே சொல்லி, ஆவணப்படத்தை நீக்கிவிட முயன்றதும் உண்டு.

அவர்களை உட்கார வைத்தது 'பாலா'. தமிழக அரசும் பம்பாய் தேசிய நிகழ்த்துகலை மையமும் சேர்ந்து ராயைக் கொண்டு 1976-இல் எடுப்பித்த படம். அரைமணி நேரத்துக்குச் சற்று மிகுந்தது. ராய் சிறுவராக இருந்தபோது இந்நகரிலேயே பாலசரஸ்வதியின் ஆட்டத்தைக் கண்டவர். படம் எடுக்கும் வேளை வந்தபோது அம்மையாருக்கு ஐம்பத்தெட்டு வயது. கடற்கரையில், காற்று முந்தானையை இழுக்க, குழந்தைக் கண்ணனை அழைக்கும் கன்னடப் பாடலுக்கு அவர் அபிநயம் பிடிக்கிறார். காற்று இடையூறாகிவிட்டது என்று குறை கூறுவோர் உண்டு. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. எதிரில் குழந்தை இல்லை; இருப்பதாகத் தோன்றுகிறது. அம்மையார் 1984-இல் மறைந்தார். திரையில் அவரும் இருப்பதாகவே தோன்றுகிறது. படம் முடிந்து விளக்குப் போட்டபின் சிறிது நேரம் எவரும் சுண்டலுக்கு எழவில்லை. பேய்ப் படம் இல்லாதவரை இருப்பதாகக் காட்டி அச்சுறுத்துகிறது. இருந்தவரை இன்னும் இருப்பதாகக் காட்டும் படம் வேறொன்றைச் செய்கிறது. அதற்குப் பெயர் வைக்க எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் இரண்டும் ஒரே மாலையில் அமைய வேண்டும் என்ற எண்ணம் அன்று உறுதிப்பட்டது.

'நாஸ்ஃபெராட்டு'வையும் 'செல்லுலாய்ட் மேன்' என்ற ஆவணப்படத்தையும் சேர்த்துக் காட்டியது இந்த எண்ணத்தில்தான். முன்னது 1922-இல் முர்னவ் எடுத்த ஜெர்மானிய மௌனப்படம். ட்ராகுலா நாவலை உரிமை பெறாமல் எடுத்ததற்காக நாவலாசிரியரின் மனைவி வழக்குத் தொடுக்க, பிரதிகளை அழித்துவிடும்படி 1925-இல் நீதிமன்றம் ஆணையிட்டது. எங்கெங்கோ தப்பிய பிரதிகளால் அந்தப் பேய் இன்றும் உலவுகிறது. நம் நாட்டிலோ எந்த நீதிமன்றமும் ஆணையிடாமலேயே படங்கள் அழிந்தன. தென்னாட்டின் முதல் மௌனப்படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இல்லை. தமிழ் பேசிய முதல் படமான 'காளிதாஸ்' (1931) இல்லை. 2003 சனவரியில் புனேயில் நேர்ந்த தீ விபத்தில் பழைய நைட்ரேட் சுருள்கள் பல எரிந்தன. எஞ்சியவற்றை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்து, 1964-இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை உருவாக்கியவர் பி. கே. நாயர். 2012-இல் வந்த 'செல்லுலாய்ட் மேன்' அவர் கதை. கோப்புகளைப் பத்திரப்படுத்துவதே பிழைப்பாகக் கொண்ட எங்களுக்கு அவர்மேல் தனிப் பரிவு ஏற்பட்டதில் வியப்பில்லை. எங்கள் அலுவலகங்களிலும் கரையான் உண்டு.

இத்தனைக்கும், தொற்றுக் காலத்துக்குப் பின் கூட்டம் குறைந்துவிட்டது. முதலாண்டில் அறுபது நாற்காலி போதாமல் பாய் விரித்த அரங்கில், 2022-இல் ஒரு ஞாயிறன்று பத்தொன்பது பேர் இருந்தோம். எல்லாப் படமும் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே என்ற கேள்வி நியாயமானதே. மின்கட்டணத்தைக் காட்டி, இந்தத் திரையிடலை நிறுத்திவிடலாம் என்று செயற்குழுவில் பேச்சும் எழுந்தது. அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவர் கும்பகோணத்துப் பாட்டி.

பாட்டி, எங்கள் குழுவிலுள்ள வங்கி ஊழியரின் தாயார். 2023 மார்கழியில் படம் முடிந்து பனி விலகக் காத்திருந்தபோது, பிள்ளைகள் வங்காளத்து 'நிஷி'யைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். நிஷி இரவில் தெரிந்தவர் குரலில் பெயர் சொல்லி அழைக்கும். மூன்றாம் முறை அழைக்குமுன் விடை கூறலாகாது. இதைக் கேட்ட பாட்டி, 'பேர் சொல்லித்தானே கூப்பிடறது? எங்க ஊர்ல மோகினி வெத்தலைக்குச் சுண்ணாம்பு கேப்பா. கையால குடுத்தா ஆளே போச்சு. இரும்புக் கத்தி முனையில வெச்சு நீட்டணும்' என்று ஆரம்பித்தார். வாய்க்கால் மேட்டுப் புளியமரம், சந்தை முடிந்து தனியே வந்த தம் சித்தப்பா, பாக்குவெட்டியால் தப்பிய உயிர் என்று கதை நாற்பது நிமிடம் நீண்டது. பிள்ளைகள் வீட்டுக்குப் போக மறுத்தனர். எங்கள் கல்லூரி மாணவிக்கு அப்போதுதான் தோன்றியிருக்கிறது. அடுத்த வாரம் பாட்டியின் சமையலறையிலேயே உட்கார்ந்து கைப்பேசியில் அவரைப் படம் பிடித்தாள். மூன்று நாள் பிடித்ததை இருபத்திரண்டு நிமிடமாகச் சுருக்கி, 2024 பொங்கலுக்கு ஆவணப்படமாகத் திரையிட்டோம். அன்று மீண்டும் பாய் விரிக்க வேண்டியிருந்தது. நிறுத்திவிடும் பேச்சு அத்துடன் நின்றது. வேறு மூன்று வீடுகளிலிருந்து, 'எங்கள் அம்மாவுக்கும் ஒரு கதை தெரியும்' என்று அழைப்பு வந்தது.

பாட்டி 2025 தை மாதம் காலமானார்.

இந்தக் குளிர்காலப் பட்டியல் போட உட்கார்ந்தபோது, பூத சதுர்த்தசிக்குப் பாட்டியின் படத்தையே மீண்டும் வைக்கலாம் என்றாள் மாணவி. முன்னோர் வீடு தேடி வரும் நாள். அதைவிடப் பொருத்தம் உண்டா என்பது அவள் வாதம். ஆசிரியை கூடாது என்றார். ஆண்டு நிறையாத துக்கத்தைத் தீபாவளி நாளில் பலர் முன் விரிப்பதா, அந்த வீட்டில் இவ்வாண்டு பண்டிகையே இல்லையே என்றார். பாலசரஸ்வதியைத் திரையில் கண்டு நெகிழ்ந்தோமே என்றால், அவர் நமக்குப் பிள்ளை முறையாக வேண்டியவர் அல்லரே. தாயை அப்படிப் பார்க்க மகனால் இயலுமா? இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. வங்கி நண்பர் எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்; நாங்களும் அவரைக் கேட்கவில்லை. 'நாஸ்ஃபெராட்டு'வைத் தொடக்கமாக எழுதிக்கொண்டு கலைந்தோம்.

பத்து நாள் கழித்து அவரே வீட்டுக்கு வந்தார். தை மாதத்தில் முதலாண்டுத் திதி முடிகிறது, திருச்சியிலிருந்து தங்கை குடும்பத்தோடு வருகிறாள், அவள் படத்தைப் பார்த்ததில்லை, அந்த ஞாயிறு போடுங்கள் என்றார். பொங்கலோடு முடியும் பட்டியலை ஒரு வாரம் நீட்ட வேண்டும். அரங்கத்துக்குக் கடிதம் எழுதியாயிற்று. வாசல் வரை போனவர் திரும்பி, 'குக்கர் சத்தத்தில் எனக்குத் திட்டு விழும் இடம் ஒன்று வருமே, இப்போது அதை வெட்டிவிடப் போகிறீர்கள். வெட்ட வேண்டாம்' என்றார். அன்று பேய்ப் படமாக எதை வைப்பது என்று கேட்டோம். 'பாகா கொட்டு வாசிக்கிற படம்' என்றார்; அம்மாவுக்கு அந்தக் கஞ்சிராப் பேய்கள் பிடிக்குமாம்.