அப்பாவின் புல்லட்

அப்பா மறைந்தபின் அவருடைய புல்லட் பதினான்கு ஆண்டுகள் மாட்டுக்கொட்டகையின் மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. 1955இல் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் சென்னைத் திருவொற்றியூரில் உருவாக்கிய வண்டி அது. கால்நடை மருத்துவரான அப்பா, அதில்தான் ஊர் ஊராகச் சென்றார். பின்னிருக்கையில் எப்போதும் மருந்துப்பெட்டி இருக்கும். திருவிழா நாள்களில் மட்டும் அம்மா இருப்பார்.

அந்த வண்டியை என் விருப்பம்போல் மாற்றியமைக்க எண்ணினேன். கைப்பிடியைத் தாழ்த்தி, பின்சட்டத்தைக் குறுக்கி, ஒற்றை இருக்கை வைத்துப் பந்தய வண்டியைப் போல் ஒரு படம் வரைந்தேன். 1960களில் இலண்டன் இளைஞர்கள் விரும்பி ஓட்டிய ‘கஃபே ரேசர்’ வண்டியின் சாயல் அதில் இருந்தது.

பட்டறையில் மெக்கானிக் எஞ்சினைப் பிரித்தார். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். கணக்கிட்டால் 346 கன சென்டிமீட்டர். பள்ளியில் மனப்பாடம் செய்த உருளையின் கன அளவு, அன்று எண்ணெய்ப் பிசுக்கோடு என் கையில் இருந்தது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டனைப் பொருத்தினோம்.

சட்டத்தை அறுப்பதற்கு முந்தைய மாலை, அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தவர், “நல்லா இருக்குப்பா. நான் எங்கே உட்கார்றது?” என்றார்.

விடை சொல்ல இயலவில்லை. அழகைக் கருதிய நான், ஆளைக் கருதவில்லை.

மறுநாள் செய்தியைக் கேட்ட மெக்கானிக், “அறுக்க ஒரு நிமிஷம் போதும் சார், அறுத்த சட்டத்துக்குப் பழைய பலம் வராது” என்று சிரித்தார். புதிய படம் வரைந்தோம். முதிய முழங்கால்களுக்கு ஏற்ப இருக்கையைத் தாழ்த்தினோம். பிடித்துக்கொள்ளக் கம்பி, கால் வைக்க அகலமான படி, சேலை சக்கரத்தில் சிக்காதிருக்கத் தடுப்பு ஆகியவற்றைச் சேர்த்தோம். மாடு முட்டியதால் பெட்ரோல் தொட்டியில் விழுந்த பள்ளத்தை அப்படியே விட்டோம். வலக்காலால் இயக்கும் கியரையும் மாற்றவில்லை. என் காலைத்தான் பழக்கினேன்.

வண்டி வீடு வந்த நாளில் மூன்று முறை உதைத்தும் அது இயங்கவில்லை. வாசலில் நின்ற அம்மா, “உங்கப்பா முள்ளைப் பார்த்துட்டுத்தான் உதைப்பார்” என்றார். அப்போதுதான் நினைவு வந்தது. அம்மீட்டர் முள் நடுவில் வரும்வரை மெல்ல மிதித்து, சிலிண்டரில் அமுங்கிய காற்றை வெளியேற்றி, பிறகு உதைத்தேன். புல்லட் உறுமியது.

அம்மா ஏறி அமர்ந்து என் தோளைத் தட்டினார். அப்பா சென்ற வழியில் புறப்பட்டோம்.