கேப்போ ஆண்ட்டியும் துப்பறியும் சாம்புவும்

கொலை நடந்த ஊரில் யாராவது நிம்மதியாக உட்கார்ந்து டீ குடிப்பார்களா? 'கோஸி மிஸ்டரி' நாவல்களில் குடிப்பார்கள். ரத்தம் அதிகம் கண்ணில் படாது. ஊர் சின்னது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கண்டுபிடிப்பவர் போலீஸ்காரர் இல்லை. கடை வைத்திருக்கிறவரோ, பின்னல் போடுகிற பாட்டியோ. அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் அட் த விகாரேஜ்' (1930) நாவலில் வரும் மிஸ் மார்ப்பிள்தான் இந்தக் குடும்பத்துக்கே பெரிய பாட்டி.

பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கிறேன். பழுதான பொருள் வந்தால் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டு மூலகாரணத்தைப் பிடிக்க வேண்டும். டொயோட்டாவிடம் உலகம் கற்றுக்கொண்ட முறை. பகலெல்லாம் இதைச் செய்துவிட்டு ராத்திரியும் துப்பறியும் கதையா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தொழிற்சாலையில் குற்றவாளி பெரும்பாலும் ஒரு பேரிங். கதையில் மனுஷன். எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

தமிழில் இந்த வகைக்கு மிக அருகில் இருப்பவர் தேவனின் துப்பறியும் சாம்பு. ஸ்கூடாயில் யூடிஎம்மில் படித்தபோது ஹாஸ்டலில் வாசித்தது. 1942இல் ஆனந்த விகடனில் தொடங்கி, மொத்தம் 50 கதைகள். சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா. மூளை கொஞ்சம் கம்மி என்பதை தேவன் ஒளிப்பதே இல்லை. அவர் ஏதோ உளறுவார், பயந்து ஓடுவார், தடுக்கி விழுவார். அதில் திருடன் மாட்டிக்கொள்வான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அசந்துபோவார்.

மிஸ் மார்ப்பிளை ஊர் சாதாரணக் கிழவி என்று நினைக்கிறது. உண்மையில் அவர் மேதை. சாம்புவை ஊர் மேதை என்று நினைக்கிறது. உண்மையில் அவர் வெறும் சாம்பு. அந்த ரகசியம் தேவனுக்கும் நமக்கும் மட்டும்தான் தெரியும். அதனால் நாம் சிரிப்பது சாம்புவைப் பார்த்து அல்ல. ரிசல்ட் வந்துவிட்டால் யாரையும் மேதையாக்கிவிடும் உலகத்தைப் பார்த்து. ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் இருக்கிறார். சிங்கப்பூர் எழுத்தாளர் ஓவிடியா யூவின் 'ஆண்ட்டி லீஸ் டிலைட்ஸ்' (2013). கணவரை இழந்த பெரானாக்கான் ஆண்ட்டி, சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். செந்தோசா கடற்கரையில் ஒரு பிணம் ஒதுங்குகிறது. ஆண்ட்டியின் ஆயுதம் ஒன்றுதான்: கேப்போ. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது. கூடவே, வீட்டில் வேலை செய்யும் பிலிப்பினோ பெண் நினாவின் கூர்மையான கண்.

இந்த மூன்று பேரையும் வாசித்தபின் ஒன்று தோன்றியது. இப்படிப்பட்ட கதைக்குக் கொலையைவிட முக்கியம், பக்கத்து வீட்டைக் கவனிக்க ஒரு ஆள்.

எங்கள் தாமானில் விடியற்காலை நாலு மணிக்கே பாதி வீடு காலி. மோட்டாரை எடுத்துக்கொண்டு சிங்கப்பூருக்குப் போய்விடுவார்கள். மீதி வீடுகளில் கிரில், பூட்டு, கேமரா. தாத்தா காலத்துத் தோட்டத்து லயத்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று வாசனையிலேயே தெரியுமாம். அந்த லயத்தின் துயரத்தை நம் எழுத்தாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த லயத்தில் எல்லாவற்றையும் மோப்பம் பிடித்த ஒரு பாட்டியும் இருந்திருப்பாரே. அவர் எங்கே போனார்?

எங்கள் எதிர் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று நினைக்கிறேன். போன வருஷம் ஒரு காலை, அந்த ஆண்ட்டி கிரில்லைத் தட்டினார்.

"தம்பி, மூலை வீட்டுத் தாத்தா செருப்பு வெளியில இருக்கு. மின்னல் எஃப்எம் ஓடுது. ஆனா பூனை சாப்பாடு கேட்டுக் கத்திக்கிட்டே இருக்கு. அவரு பூனைக்குப் போடாம ரேடியோ கேக்க மாட்டாரே."

மகன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். போன் போட்டு, சாவி இருக்கும் இடம் கேட்டுத் திறந்தோம். தாத்தா குளியலறையில் விழுந்து கிடந்தார். இடுப்பெலும்பு முறிவு. பிழைத்துக்கொண்டார்.

அந்தத் தெருவில் இரண்டு கேமராக்கள் இருந்தன. பூனை கத்தியதை இரண்டும் பதிவு செய்திருக்கும். 'ஏன் கத்துது?' என்று கேட்டது ஆண்ட்டி மட்டும்தான். நான் ஐந்து முறை கேட்கப் படித்தவன். அவருக்கு ஒருமுறை போதுமாக இருந்தது.

கோஸி மிஸ்டரியை 'பொழுதுபோக்கு' என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். அடுத்த வீட்டைப் பற்றி யோசிக்கிற ஒருத்தர் இருக்கும்வரை ஊர் ஊராக இருக்கும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. ஜொகூரில் யாராவது தமிழில் இதை எழுதலாம். கொலைகூட வேண்டாம். எங்கள் லோரோங்கில் காணாமல் போன கருவேப்பிலைச் செடியிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆண்ட்டியின் சந்தேகப் பட்டியலில் மூன்று வீடு இருக்கிறது. அதில் ஒன்று எங்களுடையது.