மருமகனை அறிய விரும்பிய மாமியார்



குடும்ப முகாம் முடிந்து மூன்று வாரங்களாகியும், அங்கே நாம் நிரப்பிய வினாத்தாளைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது, “ஐயா, நான் கோலெரிக், வீட்டில் அவள் மெலன்கலி; எப்படி ஒத்துப்போகும்?” என்று சிரித்தபடி கேட்பவர்கள் உண்டு. பெண்கள் ஐக்கியத்தில் யார் எந்த வகை என்று ஒரு பட்டியலே தயாராகிவிட்டதாகக் கேள்விப்படுகிறேன். வாலிபர்களோ ஒரு படி மேலே போய், கைபேசியில் வேறொரு தேர்வையும் எழுதி, நான்கு ஆங்கில எழுத்துகளால் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள். ஆகவே இந்த வாரம் இதைக் குறித்தே உங்களோடு பேச விரும்புகிறேன்.

நாம் நிரப்பிய தாள், ஃபுளோரன்ஸ் லிட்டாவர் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1983இல் வெளியிட்ட ‘பெர்சனாலிட்டி பிளஸ்’ என்ற நூலின் வினாத்தாளைத் தழுவியது. நாற்பது வரிகள், வரிக்கு நான்கு சொற்கள், உங்களுக்கு மிகவும் பொருந்தும் ஒன்றைக் குறிக்க வேண்டும். இருபது வரிகள் நிறைகளைப் பற்றியவை, இருபது குறைகளைப் பற்றியவை. முடிவில் எண்ணிப் பார்த்தால், கலகலப்பான சாங்குவின், ஆளுமை மிக்க கோலெரிக், நுணுக்கம் பார்க்கும் மெலன்கலி, அமைதியான ஃபிளெக்மாட்டிக் என்னும் நால்வகையில் ஒன்று மேலோங்கி நிற்கும்.

இப்பெயர்கள் லிட்டாவர் அம்மையார் கண்டெடுத்தவை அல்ல. உடலில் இரத்தம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம், கபம் என்னும் நான்கு நீர்கள் உண்டென்றும், அவற்றின் ஏற்றத்தாழ்வே நோய்க்குக் காரணம் என்றும் பண்டைய கிரேக்க மருத்துவர்கள் கருதினார்கள். பின்வந்தோர் மனிதரின் சுபாவத்தையும் அதே நீர்களோடு இணைத்தார்கள். வாதம், பித்தம், கபம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. “பித்தம் தலைக்கேறிவிட்டது” என்று இன்றும் சொல்கிறோமல்லவா? அந்த நீர்க் கணக்கை இன்றைய மருத்துவம் கைவிட்டு வெகுகாலமாயிற்று. பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன. நார்வே நாட்டு லுத்தரன் இறையியலாளர் ஓலே ஹாலெஸ்பி அவற்றைக் கிறிஸ்தவ வாழ்வோடு பொருத்தி எழுதினார். அவரைப் பின்பற்றி அமெரிக்கப் போதகர் டிம் லஹே 1966இல் எழுதிய நூல், உலகெங்கும் சபைகளின் முகாம்களுக்குள் இதைக் கொண்டுவந்து சேர்த்தது.

வாலிபர்களின் நான்கெழுத்துத் தேர்வுக்கு வேறொரு வரலாறு உண்டு. எனக்கு அதுவே அதிகம் பிடித்தது.

அமெரிக்காவில் கேத்தரின் குக் பிரிக்ஸ் என்னும் ஒரு தாய் இருந்தார். அவருடைய ஒரே மகள் இசபெல், தான் மணக்கவிருந்த கிளாரன்ஸ் மையர்ஸ் என்பவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. வந்த மாப்பிள்ளை நல்லவர், படித்தவர். ஆனால் அவர் சிந்திக்கும் விதம் அந்த வீட்டார் எவருடைய விதத்தோடும் ஒத்திருக்கவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு மாமியார் என்னவெல்லாம் செய்யக்கூடும் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கேத்தரின் அம்மையாரோ புத்தகங்களைத் தேடிப் போனார். பலருடைய வாழ்க்கை வரலாறுகளைப் படித்து, மனிதர் எவ்விதங்களில் வேறுபடுகிறார்கள் என்று தாமே வகைப்படுத்தத் தொடங்கினார். சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் எழுதிய நூல் இரண்டு ஆண்டுகளில் ஆங்கிலத்தில் வந்தபோது, தம்முடைய வகைப்பாட்டைக் காட்டிலும் அது சிறந்ததென்று கண்டு அதையே ஏற்றுக்கொண்டார். இரண்டாம் உலகப்போர் மூண்டபின், மகள் இசபெல் அதைக் கேள்விகளாக்கினார். தாயும் மகளும் உளவியலில் பட்டம் பெற்றவர்கள் அல்லர். அதைக் காட்டியே அவர்களைக் குறைகூறுவோர் இன்றும் இருக்கிறார்கள். இசபெல் இறந்த 1980ஆம் ஆண்டில் வெளியான அவருடைய நூலுக்கு ‘கிஃப்ட்ஸ் டிஃபரிங்’ என்று பெயர். வரங்கள் வேறுபடுகின்றன என்பது பொருள். ரோமர் 12ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்த தலைப்பு.

தன்னை அறிந்துகொள்ள அல்ல, தன் வீட்டுக்குள் வந்த அந்நியரை அறிந்துகொள்ளவே அந்தத் தாய் தேடலைத் தொடங்கினார் என்பதைக் கவனியுங்கள். நம் கைக்கு வரும்போது தாளின் திசை மாறிவிடுகிறது. ‘நான் யார்?’ என்று கேட்கிறோம். பதில் வந்ததும், அதை ஒரு சான்றிதழைப் போல மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறோம்.

சான்றிதழ் எவ்வளவு நம்பத்தக்கது? 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்னும் அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சுபாவத் தேர்வு வைத்தார். சில நாட்களுக்குப் பின், “இது உன்னைப் பற்றிய விவரம்” என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறதென்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நான்குக்கு மேல் வந்தது. உண்மையில் எல்லாருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே விவரம்; அதிலுள்ள வாக்கியங்களை அவர் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். மற்றவர் உன்னை விரும்ப வேண்டும் என்று ஏங்குகிறாய், சில நேரம் எடுத்த முடிவைக் குறித்து ஐயப்படுகிறாய் என்ற வகையில் அமைந்தவை அவை. யாருக்குத்தான் பொருந்தாது? பத்திரிகையின் ராசிபலனைப் பாராதவர்கள் என்று நம்மைக் குறித்து நாம் சற்றுப் பெருமைப்படுவதுண்டு. அந்தப் பெருமையைக் கொஞ்சம் அடக்கிக்கொள்வது நல்லது.

ஒரே மனிதர் சில வாரங்கள் கழித்து அதே தேர்வை மீண்டும் எழுதினால், வேறு வகை வருவதும் அரிதல்ல. பெரும்பாலோர் இரு முனைகளுக்கும் நடுவிலேயே இருக்கிறார்கள். நடுக்கோட்டின் இப்புறம் ஒரு புள்ளி, அப்புறம் ஒரு புள்ளி என்பதற்காக இரு வேறு எழுத்துகள் கிடைத்துவிடுகின்றன. இதைப் படித்தபோது எனக்கு எலியாவின் நினைவு வந்தது. கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் நானூற்றைம்பது பேருக்கு எதிரே தனி ஒருவராக நின்ற அவரிடம் நம் தாளைக் கொடுத்திருந்தால் சந்தேகமின்றிக் கோலெரிக் என்று வந்திருக்கும். யேசபேலின் செய்தி கேட்டு ஓடி, வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தாம் சாக வேண்டும் என்று விண்ணப்பம் பண்ணினபோது கொடுத்திருந்தால்? இரண்டும் அடுத்தடுத்த அதிகாரங்கள். அந்தச் செடியின் கீழ் தேவதூதன் அவரை இன்னார் என்று வகைப்படுத்தவில்லை. உறங்கவிட்டு, எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் உறங்கவிட்டான். நம்மில் சிலருடைய ‘மெலன்கலி’யும் சரியான உறக்கத்திலும் இரண்டு வேளை நல்ல சாப்பாட்டிலும் பாதி தீர்ந்துவிடும் என்பது என் எளிய கருத்து.

லஹே தம்முடைய மற்றொரு நூலில் வேதத்தின் மனிதரையே நால்வகையாகப் பிரித்தார்: பேதுரு சாங்குவின், பவுல் கோலெரிக், மோசே மெலன்கலி, ஆபிரகாம் ஃபிளெக்மாட்டிக். வாசிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் எகிப்தியனை அடித்து மணலில் புதைத்த மோசேயும், கற்பலகைகளை எறிந்து உடைத்த மோசேயும், பூமியிலுள்ள சகல மனிதரிலும் சாந்தகுணமுள்ளவர் எனப்பட்ட மோசேயும் ஒருவரே. அவரை ஒரு கட்டத்துக்குள் அடைக்க எனக்குக் கை வரவில்லை. எனினும் லஹேக்கு நியாயம் செய்தாக வேண்டும். ஒவ்வொரு சுபாவத்தின் பலவீனத்தையும் ஆவியானவருடைய ஆளுகைக்குள் கொண்டுவர வேண்டும் என்பதே அவர் எழுதியதன் நோக்கம். நூலின் தலைப்பே அதைத்தான் சொல்கிறது. நாம் முதல் பாதியை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறோம்.

மறப்பதன் விளைவு சிறியதல்ல. வீடு சந்திக்கச் சென்ற ஓரிடத்தில், “நான் கோலெரிக், ஐயா. கோபம் என் சுபாவம். அவள்தான் புரிந்துகொள்ள வேண்டும்” என்று ஒரு சகோதரர் சொன்னார். அவருடைய மனைவி காப்பித் தம்ளரை வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் அடுக்களைக்குத் திரும்பிப் போனார்கள். நாம் கொடுத்த தாள் அந்த வீட்டில் கோபத்துக்கு ஓர் உரிமச்சீட்டாகிவிட்டது. அந்தச் சொல் இருந்ததும் குறைகளுக்குரிய இருபது வரிகளில்தான் என்பதை அவரிடம் அன்றே நினைவூட்டினேன். ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களை இந்தத் தாளைக் கொண்டு தெரிந்தெடுக்கலாம் என்ற யோசனையையும் நான் ஏற்கவில்லை. நான்கெழுத்துத் தேர்வைக் கொண்டு வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கலாகாது என்று அதை நடத்துவோரே சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியானால் முகாமில் அதை ஏன் கொடுத்தோம் என்று கேட்பீர்கள். தாளைக் கொடுத்தது ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. ஒவ்வொருவருக்கும் இரண்டு தாள்கள் தந்து, ஒன்றில் தன்னைக் குறித்தும், மற்றொன்றில் கூட வந்தவரைக் குறித்தும் நிரப்பச் சொன்னோம். நானும் என் துணைவியாரும் நிரப்பினோம். என் தாளில் நான் ஃபிளெக்மாட்டிக், அமைதியின் உருவம். அவர்கள் என்னைக் குறித்து நிரப்பிய தாள், பதினான்கு வரிகளில் அதோடு முரண்பட்டது. “நீங்கள் எழுதியிருப்பவர் ஞாயிற்றுக்கிழமை போதகர். நான் எழுதியிருப்பவர் சனிக்கிழமை இரவு போதகர்” என்றார்கள். இரண்டும் மெய்தான் என்று ஒத்துக்கொண்டு அந்தப் பதினான்கு வரிகளைப் பற்றி நெடுநேரம் பேசினோம். முப்பது ஆண்டுகளாக ஒரே கூரையின் கீழ் வாழ்கிறவர்களுக்கும் பேசுவதற்கு இவ்வளவு மீதம் இருந்தது.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்ட இருவரும் சம்மதித்ததால் எழுதுகிறேன். யாரென்று ஊகிக்க முயலாதீர்கள்.

முகாமுக்கு ஒரு தகப்பனும் கல்லூரியில் படிக்கும் மகனும் வந்திருந்தார்கள். தகப்பன் கடை நடத்துகிறவர். நாலு பேர் நடுவில் உரக்கச் சிரித்து, உரக்க ஜெபித்து, எதையும் முன்னின்று நடத்துகிறவர். மகன் வாலிபர் கூட்டத்தில் ஒருநாளும் எழுந்து சாட்சி சொன்னதில்லை. கை தட்டிப் பாடியதுமில்லை. “இவனுக்குப் பக்தி இல்லை, ஐயா. ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்று தகப்பன் என்னிடம் பலமுறை சொன்னதுண்டு. அன்று இருவரும் ஒருவரைக் குறித்து ஒருவர் நிரப்பினார்கள்.

தகப்பனைக் குறித்து மகன் நாற்பது வரிகளையும் நிரப்பியிருந்தான். அதில் ஒரு வரியில், எல்லாரும் தைரியசாலி என்று எண்ணும் தகப்பனுக்கு, கவலைப்படுகிறவர் என்னும் சொல்லைக் குறித்திருந்தான். தகப்பன் அதைக் காட்டி, “இது எப்படி?” என்று கேட்டார். “ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, அப்பா. நான் தூங்கிவிட்டேன் என்று நினைக்கிறீர்கள்” என்றான் மகன். அந்தக் கடன் விவரம் அவருடைய மனைவிக்குக்கூட முழுமையாகத் தெரியாது.

மகனைக் குறித்துத் தகப்பன் நிரப்பிய தாளில் பதினொரு வரிகள் வெறுமையாக இருந்தன. எதையாவது குறித்துவிட்டு எழுந்திருக்க அவரால் முடிந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. தாளை என்னிடம் கொண்டுவந்து, “தெரியவில்லை, ஐயா. என் பிள்ளை, எனக்குத் தெரியவில்லை” என்றார். அன்று மாலை பாடல் நேரத்தில் அவருடைய குரல் கேட்கவில்லையே என்று பார்த்தேன். மண்டபத்துக்கு வெளியே, மரத்தடித் திண்ணையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பேசிக்கொண்டிருந்தது மகன்.

மகனுக்கு எந்த வகை வந்ததென்று இதுவரை நான் கேட்கவில்லை, தகப்பனும் சொல்லவில்லை. அவனுக்குப் பக்தி இல்லை என்ற பேச்சையும் அவர் அதன்பின் எடுக்கவில்லை. வெறுமையான வரிகளில் ஆறு நிரம்பிவிட்டதாக மட்டும் சென்ற ஞாயிறு சொன்னார்.

வருகிற மாதம் திருமண ஆயத்த வகுப்புகள் தொடங்குகின்றன. இம்முறை அங்கும் இதே தாள்களைத் தருவோம். தன்னைக் குறித்த தாளை வீட்டில் வைத்துவிட்டு, மற்றவரைக் குறித்து நிரப்பிய தாளை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவந்தால் போதும். தெரியாத வரியை வெறுமையாக விடலாம். ஊகித்து நிரப்ப வேண்டாம். மணமாகிப் பல ஆண்டுகளானவர்கள் சிலரும் தாள் கேட்டிருக்கிறார்கள். ஆலய அலுவலகத்தில் வைத்திருக்கிறோம், தேவையானோர் பெற்றுக்கொள்ளலாம்.